யாரைக் காக்க விரைகிறது குதிரை? இணைவெட்டின் வரலாறும் அரசியலும்

வன்கொடுமை வழக்கு ஒன்றின் கோப்பைப் பிரிக்கும்போது, சம்பவம் எந்த நேரத்தில் தொடங்கியதாக எழுதப்பட்டுள்ளது என்பதையே நாம் முதலில் பார்க்கிறோம். சேரி இளைஞர் கல்லெறிந்தார் என்ற வரியோடு முதல் தகவல் அறிக்கை தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஒரு மணி நேரம் முன்பு அவருடைய தெருவுக்குள் நுழைந்து குடிநீர்க் குழாயை உடைத்தவர்கள் கதையிலிருந்தே மறைந்துபோகிறார்கள். அந்த அறிக்கையில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். எங்கே தொடங்குவது, எதை அடுத்து எதை வைப்பது, எதை விட்டுவிடுவது என்ற முடிவுகளே தாக்கியவரையும் தாக்கப்பட்டவரையும் இடம் மாற்றிவிடுகின்றன.

திரைப்படத்தில் இந்த முடிவுகளை எடுக்கும் வேலைக்குப் படத்தொகுப்பு என்று பெயர். திரைப்பட வரலாற்று நூல்கள் அதைப் பெரும்பாலும் தொழில்நுட்பத்தின் வளர்ச்சிக் கதையாகவே எழுதுகின்றன. யார் முதலில் வெட்டினார், யார் வேகமாக வெட்டினார், யார் வெட்டாமலே விட்டார் என்பதாக அக்கதை நீள்கிறது. ஒரு வெட்டு யாருடைய உயிருக்காக நம்மைப் பதற வைக்கிறது என்ற கேள்வி அடிக்குறிப்புக்குத் தள்ளப்படுகிறது. இக்கட்டுரை அக்கேள்வியை முன்னிறுத்தி, ஒரே ஓர் உத்தியின் வரலாற்றைப் பின்தொடர்கிறது. வெவ்வேறு இடங்களில் ஒரே நேரத்தில் நிகழும் இரு செயல்களை மாற்றி மாற்றிக் காட்டும் உத்தி அது. நம் திரைத்துறையினர் அதை 'இன்டர்கட்' என்கிறார்கள். இங்கே 'இணைவெட்டு' என்று குறிப்பிடுகிறோம்.

வெட்டு பிறந்த கதை

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரில் லூமியே சகோதரர்கள் கட்டணம் வாங்கித் திரையிட்ட பத்துக் குறும்படங்களும் ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்கு உட்பட்டவை. ஒவ்வொன்றும் ஒரே ஷாட். கேமரா ஓரிடத்தில் நின்றது. படச்சுருள் தீர்ந்ததும் படமும் முடிந்தது. அங்கே தொகுப்பதற்கு ஏதுமில்லை.

ஒன்றுக்கு மேற்பட்ட ஷாட்களை ஒட்டத் தொடங்கியபோது நேரம் பற்றிய சிக்கல் எழுந்தது. அமெரிக்கரான எட்வின் எஸ். போர்ட்டர் 1903-இல் வெளியிட்ட 'லைஃப் ஆஃப் அன் அமெரிக்கன் ஃபயர்மேன்' இதற்கு நல்ல சான்று. தீப்பிடித்த வீட்டிலிருந்து தாயும் குழந்தையும் மீட்கப்படுவதை முதலில் அறைக்குள்ளிருந்து முழுவதுமாகக் காட்டுகிறார். பிறகு அதே மீட்பை வீதியிலிருந்து மீண்டும் முதலிலிருந்து காட்டுகிறார். உள்ளும் புறமுமாக மாறி மாறி வெட்டலாம் என்ற எண்ணம் அன்று இயல்பானதாக இல்லை.

இப்படத்திற்கு வேறொரு பிரதியும் இருந்தது. அதில் இரு கோணங்களும் இணைவெட்டாகவே அமைந்திருந்தன. பல ஆண்டுகள் வரலாற்றாசிரியர்கள் அதையே மூலம் என்று நம்பி, இணைவெட்டைக் கண்டுபிடித்தவர் போர்ட்டரே என்று எழுதினார்கள். உண்மையை வெளிக்கொணர்ந்தது ஒரு சட்ட ஆவணம். 1912 வரை அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படத்தைத் தனி வகையாக ஏற்கவில்லை. ஆகவே தயாரிப்பாளர்கள் படத்தின் ஒவ்வொரு சட்டகத்தையும் காகிதச் சுருளில் அச்சிட்டு, புகைப்படம் என்ற பெயரில் பதிவு செய்தார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கிடந்த அக்காகிதச் சுருள்தான், இணைவெட்டுப் பிரதி பிற்காலத்தில் யாரோ திருத்தியது என்பதை நிறுவியது. தொகுக்கப்பட்ட பிரதியை மூல ஆவணத்தோடு ஒப்பிடாமல் நம்பக் கூடாது என்ற நீதிமன்றப் பாடம் திரைப்பட வரலாற்றுக்கும் பொருந்துகிறது.

கிரிஃபித்: கோதுமையும் குதிரைப் படையும்

இணைவெட்டை ஒரு முழுமையான கதைமொழியாக வளர்த்தவர் டி.டபிள்யூ. கிரிஃபித். 1908-இல் பயோகிராஃப் நிறுவனத்தில் இயக்கத் தொடங்கிய அவர், அடுத்த ஐந்தாண்டுகளில் நூற்றுக்கணக்கான குறும்படங்களை எடுத்தார். 1909-இல் வந்த 'எ கார்னர் இன் வீட்' அவற்றுள் முக்கியமானது. சந்தைக் கோதுமை முழுவதையும் வளைத்துப்போட்ட வணிகரின் விருந்து மண்டபமும், விலையேற்றத்தால் ரொட்டி வாங்க முடியாமல் நிற்கும் ஏழைகளின் வரிசையும் மாறி மாறி வருகின்றன. ஏழைகள் வரும் ஷாட்டில் மனிதர்கள் ஓவியம்போல் அசையாமல் நிற்கிறார்கள். இரு இடங்களையும் இணைக்கும் ஒரு பாத்திரமும் இல்லை. வெட்டு மட்டுமே இணைக்கிறது. இவருடைய வயிறு நிறைவதால்தான் அவர்களுடைய வயிறு காய்கிறது என்ற கருத்தை வசனமின்றிப் பார்வையாளர் மனத்தில் அது எழுப்புகிறது.

அதே கைதான் ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தையும் வெட்டி ஒட்டியது. 1915 பிப்ரவரி 8 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் முதலில் திரையிடப்பட்ட, மூன்று மணி நேரம் ஓடும் அப்படம், தாமஸ் டிக்சன் 1905-இல் எழுதிய 'தி கிளான்ஸ்மேன்' நாவலைத் தழுவியது. உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு வாக்குரிமை பெற்ற கறுப்பின மக்களை வெறியர்களாகவும், அவர்களை ஒடுக்கத் திரண்ட கு க்ளக்ஸ் க்ளான் கும்பலை மீட்பர்களாகவும் சித்திரிக்கிறது. முதன்மைக் கறுப்பினப் பாத்திரங்களில் முகத்தில் கரி பூசிய வெள்ளை நடிகர்களே நடித்தார்கள்.

இப்படத்தின் உச்சக் காட்சியை ஒரு பாடமாக எடுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்று இழைகள் அங்கே பின்னப்படுகின்றன. ஓர் அறையில், கலப்பினத் தலைவராகச் சித்திரிக்கப்படும் சைலஸ் லின்ச் வெள்ளைப் பெண் எல்சியைக் கட்டாயத் திருமணத்திற்கு நெருக்குகிறான். ஊருக்கு வெளியே ஒரு மரக்குடிலில் அடைபட்ட வெள்ளைக் குடும்பத்தைக் கறுப்பினச் சிப்பாய்கள் சூழ்ந்து தாக்குகிறார்கள். இவ்விரண்டுக்கும் இடையே வெள்ளை அங்கி அணிந்த குதிரை வீரர்கள் விரைகிறார்கள். முற்றுகை இறுக இறுக ஷாட்களின் நீளம் குறைகிறது. அன்றைய அரங்குகளில் இதற்கு இசைக்குழு நேரடியாக வாசித்தது. வாக்னரின் இசையும் அதில் இருந்தது. போரில் எதிரெதிராக நின்ற வடக்கும் தெற்கும் தமது 'ஆரிய'ப் பிறப்புரிமையைக் காக்க ஒன்றுபட்டதாக அக்குடில் காட்சியின் எழுத்தட்டை அறிவிக்கிறது.

திரைப்பட வரலாறு இதைக் 'கடைசி நிமிட மீட்பு' என்கிறது. இது நம் கருத்தைக் கேட்டுச் செயல்படும் உத்தி அன்று. அடைபட்டவர்கள் ஒருபுறம், வரவேண்டியவர்கள் மறுபுறம் என்று வைத்து வேகத்தைக் கூட்டினால், வருபவர் யாராக இருந்தாலும் அவர் வந்து சேர வேண்டும் என்று பார்ப்பவரின் உடல் விரும்பத் தொடங்கிவிடும். கொலைகாரக் கும்பலின் வருகைக்காக அரங்கமே எழுந்து ஆரவாரித்தது இப்படித்தான். யார் யாரை அடிமைப்படுத்தினார்கள், நிலம் யாரிடம் இருந்தது, சட்டம் யாருக்குச் செயல்பட்டது என்று கேட்பதற்கு அந்த வேகம் இடமளிப்பதில்லை. நேரத்துக்கு வந்து சேர்வதே நீதி என்றாகிவிடுகிறது.

மீட்புக்குப் பின் வரும் ஒரு சிறு காட்சியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அடுத்த தேர்தல் நாளன்று கறுப்பின மக்கள் வாக்களிக்க வீட்டைவிட்டு வெளியே வருகிறார்கள். வாசலில் துப்பாக்கியோடு குதிரைகளில் அமர்ந்திருக்கும் க்ளான் ஆட்களைக் கண்டு உள்ளே திரும்புகிறார்கள். அத்தனை பரபரப்பும் எதற்காக என்பதைப் படமே ஒப்புக்கொள்ளும் இடம் இது. பெண்ணின் மானம் என்று தொடங்கிய கதை வாக்குரிமைப் பறிப்பில் முடிகிறது.

1915 பிப்ரவரியில் நடந்தவை

பிப்ரவரி 18 அன்று இப்படம் வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனுக்குத் திரையிடப்பட்டது. வில்சன் எழுதிய வரலாற்று நூலின் பகுதிகள் படத்தின் எழுத்தட்டைகளிலேயே மேற்கோளாக இடம்பெற்றிருந்தன. மறுநாள் வாஷிங்டன் விடுதி ஒன்றில் நடந்த திரையிடலில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி எட்வர்ட் டக்ளஸ் ஒயிட் பங்கேற்றார். இளமையில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தெற்குப் படையில் இருந்தவர் அவர். பிப்ரவரி 23 அன்று, அவர் தலைமையிலான நீதிமன்றம் ஒஹையோ மாநிலத் தணிக்கை தொடர்பான 'மியூச்சுவல் ஃபிலிம்' வழக்கில் தீர்ப்பளித்தது. திரைப்படம் ஒரு வணிகமே, கருத்துரிமைப் பாதுகாப்பு அதற்குப் பொருந்தாது என்றது அத்தீர்ப்பு. 1952 வரை அந்நிலையே நீடித்தது. இத்தாலிய இயக்குநர் ரொசெல்லினியின் 'தி மிராக்கிள்' படம் தொடர்பான 'பர்ஸ்டின் எதிர் வில்சன்' வழக்கில்தான் நீதிமன்றம் தன் நிலையை மாற்றிக்கொண்டது.

1909-இல் தொடங்கப்பட்ட கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. நகரந்தோறும் படத்தை எதிர்த்தது. பாஸ்டனில் பத்திரிகையாளர் வில்லியம் மன்ரோ ட்ராட்டர் போராட்டத்தை முன்னின்று நடத்தினார். ஒஹையோவும் கன்சஸும் தடை விதித்தன; பெரும்பாலான இடங்களில் படம் ஓடியது. அவ்வாண்டு நவம்பரில் ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்டோன் மலைமீது வில்லியம் சிம்மன்ஸ் என்பவர் சிலுவையை எரித்து, செத்துக் கிடந்த க்ளானுக்கு மீண்டும் உயிர்கொடுத்தார். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய முதல் க்ளானிடம் சிலுவை எரிக்கும் வழக்கமே இல்லை. டிக்சனின் நாவலும் கிரிஃபித்தின் படமும்தான் அச்சடங்கை அவர்களுக்கு அளித்தன. திரை சமூகத்தின் கண்ணாடி என்பார்கள். இங்கே திரையைப் பார்த்துத்தான் கும்பல் தன்னை அமைத்துக்கொண்டது.

மிஷோவின் மறுமொழி

என்.ஏ.ஏ.சி.பி. தடை கோரியபோதே, படத்திற்குப் படத்தால் பதில் சொல்ல வேண்டும் என்ற குரலும் எழுந்தது. எம்மெட் ஸ்காட் தொடங்கிவைத்த 'தி பர்த் ஆஃப் எ ரேஸ்' பல கைகள் மாறி, 1918-இல் தன் நோக்கத்தை இழந்து வெளிவந்தது. அடிமைகளாக இருந்தவர்களின் மகனாக 1884-இல் பிறந்து, தெற்கு டகோட்டாவில் நிலம் உழுது, தான் எழுதிய நாவல்களை வீடு வீடாக விற்றுத் திரிந்த ஆஸ்கர் மிஷோ அதைச் செய்துகாட்டினார். 1919 முதல் 1948 வரை 40-க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தவர் அவர். அவருடைய இரண்டாவது படமான 'விதின் அவர் கேட்ஸ்' 1920 ஜனவரியில் சிகாகோவில் வெளியானது.

குத்தகை விவசாயி ஜாஸ்பர் லாண்ட்ரியின் வளர்ப்பு மகள் சில்வியா. படித்த அவள் தந்தையின் கணக்கைச் சரிபார்த்துத் தருகிறாள். கணக்கைத் தீர்க்க லாண்ட்ரி நிலவுடைமையாளரின் வீட்டுக்குச் செல்கிறார். அப்போது, நிலவுடைமையாளரின் மீது பகைகொண்ட ஏழை வெள்ளையர் ஒருவர் சன்னல் வழியே சுட்டுக் கொல்கிறார். பழி லாண்ட்ரிமீது விழுகிறது. நடந்தது எது என்பதையும், குடித்துவிட்டு லாண்ட்ரி கொலை செய்தார் என்று செய்தித்தாள் புனைந்த கதையையும் மிஷோ இரண்டு காட்சிகளாகவே எடுத்துத் திரையில் காட்டுகிறார். உண்மைப் பதிவும் பொய்ப் பதிவும் ஒரே விதமான ஷாட்களாக, ஒரே நம்பகத்தன்மையோடு வருவதைப் பார்ப்பவர், இனி தான் படிக்கும் செய்தியை வேறு கண்ணோடுதான் பார்க்க முடியும்.

இதன் பிறகு கிரிஃபித்தின் உத்தி வருகிறது. வெளியே, பெண்களும் குழந்தைகளும்கூட இடம்பெற்ற வெள்ளைக் கும்பல் லாண்ட்ரி தம்பதியரைத் தூக்கிலிட்டு எரிக்கிறது. வீட்டுக்குள், கொல்லப்பட்டவரின் தம்பி சில்வியாவை வன்புணர முயல்கிறான். இரண்டும் இணைவெட்டாக மாறி மாறி வருகின்றன; நெருப்பும் போராட்டமும் ஒன்றையொன்று துரத்துகின்றன. ஆனால் எந்தக் குதிரையும் வரவில்லை. காவலரும் படையும் கும்பலின் பக்கம் இருக்கும் நாட்டில், காப்பாற்ற வருபவர் எங்கிருந்து வர முடியும்? சில்வியாவின் மார்பில் இருக்கும் வடுவைக் கண்டுதான் அந்த ஆள் நிற்கிறான். அவள் அவனுக்கே பிறந்த மகள்.

இந்த ஒரு வெட்டுத்தொடர், கிரிஃபித் கட்டிய பொய்யின் அடித்தளத்தைத் தகர்க்கிறது. வெள்ளைப் பெண்களின் மானத்தைக் காக்கவே கும்பல் கொலைகள் நடக்கின்றன என்பது அக்காலத்தின் பொதுப் புளுகு. அது புளுகு என்பதை ஐடா பி. வெல்ஸ் 1892-லேயே தரவுகளோடு எழுதினார். அவ்வாண்டு மெம்ஃபிஸ் நகரில் கொல்லப்பட்ட மூவர் செய்த ஒரே குற்றம், வெள்ளையரின் கடைக்குப் போட்டியாக மளிகைக் கடை நடத்தியதுதான். வெல்ஸ் எழுத்தில் நிறுவியதை மிஷோ இரு இழைகளாக வெட்டிக் காட்டினார். ஓர் இழையில் கணக்குக் கேட்ட உழவர் கொல்லப்படுகிறார். மறு இழையில் உண்மையான பாலியல் வன்முறையின் திசை தெரிகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இக்காட்சிகள் படத்தின் இறுதிப் பகுதியில், சில்வியாவின் உறவுக்காரப் பெண் ஒருவர் சொல்லும் பின்னோக்குக் கதையாகவே வருகின்றன. அதாவது, மிஷோ இதைப் பரபரப்பாக அன்றிச் சாட்சியமாக வைக்கிறார். அதுவரை அமைதியான ஆசிரியையாக நாம் பார்த்துவந்த ஒரு பெண் எதைச் சுமந்துகொண்டு நடக்கிறாள் என்பது அப்போதுதான் விளங்குகிறது.

1919 ஜூலையில் சிகாகோவில் நடந்த இனக்கலவரத்தில் 38 பேர் இறந்திருந்தார்கள். மீண்டும் கலவரம் வரும் என்று கூறி அந்நகரத் தணிக்கைக் குழு மிஷோவின் படத்தை முதலில் மறுத்தது. பிறகு வெட்டுகளோடு அனுமதித்தது. கிரிஃபித்துக்கு எதிராகக் கறுப்பின அமைப்புகள் கோரிய அதே தணிக்கை, கும்பல் கொலையைக் கண்டித்த கறுப்பினக் கலைஞரின்மீது பாய்ந்தது. பிற்காலத்தில் படமே காணாமற்போயிற்று. ஸ்பானிய எழுத்தட்டைகளோடு மாட்ரிட் திரைப்படக் காப்பகத்தில் எஞ்சியிருந்த ஒரே பிரதியைக் கொண்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1993-இல் அதை மீட்டெடுத்தது. கிரிஃபித்தின் படம் தலைமுறை தலைமுறையாகத் திரைப்படப் பள்ளிகளில் பாடமாக இருந்த காலம் முழுவதும், அதற்கான மறுமொழி உலகின் பார்வையில் இல்லை.

இணைகோடுகள் மோதும் இடம்

கிரிஃபித்தின் உத்தியைக் கோட்பாடாக ஆராய்ந்தவர்கள் சோவியத் கலைஞர்கள். மாஸ்கோவில் 1919-இல் தொடங்கிய அரசுத் திரைப்படப் பள்ளியில் லெவ் குலெஷோவ் கற்பித்தார். படச்சுருளுக்கே பஞ்சமாக இருந்த காலம். இருக்கும் படங்களை வெட்டி மாற்றி ஒட்டுவதே பயிற்சியாக இருந்தது. உணர்ச்சி காட்டாத ஒரு நடிகரின் முகத்தைச் சூப்புக் கிண்ணம், சவப்பெட்டி, விளையாடும் சிறுமி ஆகியவற்றோடு தனித்தனியே ஒட்டியபோது, அதே முகத்தில் பசியையும் துயரையும் மகிழ்வையும் பார்வையாளர்கள் கண்டார்கள் என்று அவருடைய மாணவர் புடோவ்கின் எழுதியிருக்கிறார். பொருள் முகத்தில் மட்டும் இல்லை, அடுத்து என்ன வருகிறது என்பதிலும் இருக்கிறது என்பதே இதன் சாரம்.

செர்கேய் ஐசன்ஸ்டீன் ஒருபடி மேலே சென்றார். கிரிஃபித்தின் இணைவெட்டை டிக்கன்ஸின் நாவல்களோடு ஒப்பிட்டு 1940-களில் எழுதிய கட்டுரையில், செல்வரையும் வறியவரையும் ஒருபோதும் சந்திக்காத இரு இணைகோடுகளாகப் பார்ப்பது முதலாளியச் சமூகத்தின் பார்வை என்று அவர் விமர்சித்தார். இரு ஷாட்கள் மோத வேண்டும், அம்மோதலில் மூன்றாவதாக ஒரு கருத்து பிறக்க வேண்டும் என்பது அவருடைய மொண்டாஜ் கோட்பாடு. 1925-இல் வந்த 'ஸ்ட்ரைக்' படத்தின் முடிவில், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் கொல்லப்படும் காட்சியோடு மாடு அறுக்கப்படும் காட்சியை வெட்டிச் சேர்த்தார். அந்த மாடு கதையில் எங்கும் இல்லை. இது கொலைக்களம் என்ற தீர்ப்பு மட்டுமே அதில் இருக்கிறது.

அதே ஆண்டின் 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' படத்தின் ஒடெசாப் படிக்கட்டுக் காட்சியில், சுடும் சிப்பாய்கள் பூட்ஸ்களாகவும் துப்பாக்கிகளாகவும் மட்டுமே பெரும்பாலும் தெரிகிறார்கள். குளோஸ்-அப் மக்களுக்கு உரியது. தாய், முதியவள், குழந்தை என்று ஒவ்வொருவருக்கும் முகம் கிடைக்கிறது. கிரிஃபித்தின் குடில் முற்றுகையில் முகமும் முகமின்மையும் எப்படிப் பங்கிடப்பட்டன என்பதோடு இதை ஒப்பிட்டால் உத்தியின் அரசியல் தெளிவாகும்.

எஸ்ஃபிர் ஷுப் என்ற பெண் தொகுப்பாளரையும் செயல்பாட்டாளர்கள் அறிந்திருக்க வேண்டும். 1927-இல் வெளிவந்த 'ரொமானோவ் வம்சத்தின் வீழ்ச்சி' படத்திற்காக அவர் புதிதாக நாடகமாடி எதையும் படமெடுக்கவில்லை. ஜார் மன்னர் குடும்பத்தினர் தமக்காக எடுத்துக்கொண்ட படங்கள் உட்படப் பழைய செய்திப்பட சுருள்களைத் தேடியெடுத்து, உழைப்பவர்களின் காட்சிகளோடு அருகருகே ஒட்டினார். அரச குடும்பத்தின் பெருமைக்காக எடுக்கப்பட்டதே அவர்களுக்கு எதிரான சாட்சியமாயிற்று. 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், இறந்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தவர்கள், தாங்களே அதைப் படம்பிடித்துப் பெருமையோடு பரப்பினார்கள். அந்தக் காணொளிதான் நாடெங்கும் போராட்டத்தை எழுப்பியது. ஒரே படத்துண்டு யார் கையில், எந்தச் சூழலில் வைக்கப்படுகிறது என்பதே அதன் பொருளை முடிவுசெய்கிறது என்பதற்கு நம் காலத்துச் சான்று இது.

வெட்டாமல் விடுவதன் வலிமை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பசான் இதற்கு எதிர்த்திசையில் வாதிட்டார். வெட்டு பார்வையாளரின் கையைப் பிடித்து இழுத்துச் செல்கிறது. நீண்ட ஷாட்டும் ஆழமான காட்சித் தெளிவும் அவரைத் தாமே பார்த்து முடிவுசெய்ய விடுகின்றன என்றார். ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' (1941), டி சிக்காவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) போன்றவை அவர் மதித்த படங்கள். இரு பொருள்கள் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதில்தான் ஒரு நிகழ்வின் பொருள் அடங்கியிருக்கிறது என்றால், அங்கே வெட்டக் கூடாது என்பது அவர் வகுத்த விதி.

இவ்விதிக்கு இந்தியத் திரையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் காட்டலாம். நாகராஜ் மஞ்சுளேவின் மராத்தியப் படமான 'ஃபன்றி'யில் (2013) பன்றி பிடிக்கும் வேலைக்குத் தள்ளப்பட்ட தலித் குடும்பம், பிடித்த பன்றியைக் கம்பில் கட்டித் தூக்கிச் செல்கிறது. பின்னால் பள்ளிச் சுவரில் அம்பேத்கர், சாவித்திரிபாய் புலே முதலியோரின் ஓவியங்கள். பன்றியைத் தனியாகவும் சுவரைத் தனியாகவும் காட்டி வெட்டியிருந்தால் அது இயக்குநரின் கருத்தாகிவிட்டிருக்கும். ஒரே சட்டகத்தில் இரண்டும் இருப்பதால், அது நாட்டின் நிலையாகவே நம் முன் நிற்கிறது.

மஞ்சுளேவின் அடுத்த படம் 'சைராட்' (2016) நம்மை மீண்டும் இணைவெட்டுக்கு அழைத்து வருகிறது. சாதி மீறி மணந்து, வேற்றூரில் குழந்தையோடு வாழும் பர்ஷ்யா, ஆர்ச்சி இணையரைத் தேடி, ஆர்ச்சியின் சகோதரனும் உறவினரும் பரிசுப் பொருள்களோடு வருகிறார்கள். தேநீர் தரப்படுகிறது. குழந்தை பக்கத்து வீட்டுப் பெண்ணோடு வெளியே போயிருக்கிறது. கிரிஃபித்தின் வழியில் வந்த இயக்குநர் இங்கே என்ன செய்வார் என்று நமக்குத் தெரியும். கத்தி, கதவு, ஓடிவரும் நண்பர் என்று மாற்றி மாற்றி வெட்டி, ஒரு கணமேனும் நம்பிக்கை ஊட்டுவார். மஞ்சுளே கொலையையே காட்டவில்லை. திரும்பி வரும் குழந்தை பெற்றோரின் உடல்களைப் பார்க்கிறது. ஒலி முற்றிலும் நின்றுபோகிறது. அழுதபடி வெளியேறும் குழந்தையின் இரத்தக் காலடிகள் மட்டும் தரையில் பதிகின்றன.

மிஷோவின் படத்தில் குதிரை வரவில்லை. மஞ்சுளே குதிரையை எதிர்பார்க்கும் நேரத்தையே நமக்குத் தரவில்லை. சாதி ஆணவக் கொலைகள் பரபரப்பாக நிகழ்வதில்லை. உறவு, தேநீர், பரிசு என்ற பழகிய முகங்களோடு வருகின்றன. அதைச் சொல்ல இணைவெட்டு உதவாது என்று அறிந்து அதைக் கைவிட்டதே இங்கே இயக்குநரின் பாணி. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) இறுதியில், சட்டக் கல்லூரி மாணவனான பரியனும் அவன் தோழியின் தந்தையும் பேசி முடித்த பிறகு, இரு தேநீர்க் குவளைகள் ஒரே சட்டகத்தில் நிற்கின்றன. இரட்டைக் குவளை முறையை அறிந்தவர்களுக்கு அங்கே வசனம் தேவையில்லை.

சட்டம் செய்யக்கூடியதும் கூடாததும்

வெறுப்பை விதைக்கும் படத்தைத் தடை செய்யக் கோரி நம்மிடம் வருபவர்கள் உண்டு. நம் சட்ட நிலை இதுதான்: 1970-இல் கே.ஏ. அப்பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் திரைப்படத்தின் முன்தணிக்கை செல்லும் என்றது. இடஒதுக்கீட்டைச் சாடிய 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியபோது, 1989-இல் எஸ். ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அச்சான்றிதழை மீட்டளித்தது. எதிர்ப்பாளர்களின் மிரட்டலைக் காரணம் காட்டி அரசு கருத்துரிமையைப் பறிக்க முடியாது என்றும் கூறியது. அந்தப் படத்தின் கருத்து நமக்கு எதிரானது. அந்தத் தீர்ப்பின் நெறியோ, நாளை நம் படத்தை முடக்க ஆதிக்கச் சாதிக் கும்பல் மிரட்டும்போது நாம் ஏந்த வேண்டிய கேடயம். சிகாகோ தணிக்கைக் குழுவின் கத்தரி யார்மீது விழுந்தது என்பதை மறக்காதவர்கள், தடை கோரும் மனுவை எழுதும்முன் ஒருமுறை யோசிப்பார்கள். வன்முறையைத் தூண்டும் குற்றத்திற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது; அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வெட்டு ஊட்டிய உணர்வை வேறொரு வெட்டுதான் கலைக்க முடியும்.

பார்க்கும்போது கேட்க வேண்டியவை

கல்லூரித் திரையிடல்களிலும் வாசிப்பு வட்டங்களிலும் ஒரு காட்சியை நிறுத்திப் பேசும்போது, பின்வரும் கேள்விகள் பயன்படும்:

1. வன்முறை எந்த ஷாட்டில் தொடங்குகிறது? அதற்கு முந்தைய எந்த நிகழ்வு விடப்பட்டிருக்கிறது?
2. குளோஸ்-அப் யாருக்குக் கிடைக்கிறது? யார் கூட்டமாக மட்டுமே காட்டப்படுகிறார்கள்?
3. இணைவெட்டில் யாருடைய வருகைக்காக நாம் காத்திருக்க வைக்கப்படுகிறோம்? வருபவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார்?
4. ஒரே சட்டகத்தில் இருக்க வேண்டியவை ஏன் பிரிக்கப்பட்டுள்ளன?
5. இக்காட்சியை மறுதரப்பில் நின்று தொகுத்தால் முதல் ஷாட் எதுவாக இருக்கும்?

ஐந்தாவது கேள்வியே நம் தொழிலுக்கு மிக அருகில் இருப்பது. குறுக்கு விசாரணை என்பது, எதிர்த்தரப்பு தொகுத்த கதையை அவிழ்த்து, விடுபட்ட துண்டுகளைச் சேர்த்து மீண்டும் ஒட்டுவதுதான். இன்று ஒவ்வொரு மாணவரின் கைப்பேசியிலும் படத்தொகுப்புச் செயலி இருக்கிறது. ஊர்வலத்தையும் தாக்குதலையும் மருத்துவமனை வாசலையும் பதிவு செய்பவர்கள், வெட்டுவதற்கு முன் முழுப் பதிவையும் மாற்றாமல் அப்படியே பாதுகாக்க வேண்டும். நீதிமன்றத்தில் நிற்கப்போவது அந்த மூலப் பதிவு. மக்களிடம் செல்லப்போவது தொகுத்த பிரதி. அதன் முதல் ஷாட், உடைக்கப்பட்ட அந்தக் குடிநீர்க் குழாயாக இருக்கட்டும்.